குத்தகையா, கிரயமா?

சென்ற சில வருஷங்களாகச் சங்கீத வியாபாரத்தில் ஒரு புதிய சந்தை தோன்றி வளர்ந்து வருகிறது. அதில் விற்கும் சரக்கைப் ‘பீட்’ என்கிறார்கள். தாளக்கட்டும், அடிநாதமும், மெட்டின் எலும்புக்கூடும் ஒன்றாய்ச் சேர்ந்து, குரல் மட்டும் ஏறாமல் நிற்கும் இசைக்கு அந்தப் பெயர். ராப் பாடுவோரும் பிறரும் அதை விலைக்கு வாங்கித் தமது சொற்களை அதன்மேல் ஏற்றிப் பாடி வெளியிடுகின்றனர். செய்கிறவன் ஒரு கண்டத்தில் இருப்பான். வாங்குகிறவன் மற்றொரு கண்டத்தில் இருப்பான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இணையக் கடையில் பொத்தானை அமுக்கிய மாத்திரத்தில் பணம் போகிறது, பாட்டு வருகிறது, கூடவே ஒரு பத்திரமும் வருகிறது. அந்தப் பத்திரத்தைப் பற்றித்தான் நாம் இன்று எழுதப் புகுந்தோம்.

தொழிலின் முதல் தடை நீங்கிவிட்டது என்பதில் ஐயமில்லை. ஜப்பானிய ரோலண்ட் கம்பெனி 1980-ல் வெளியிட்ட 808 என்னும் தாள இயந்திரத்தின் முழக்கம் இன்றைய பீட்டுகள் பலவற்றில் கேட்கிறது. ஆனால் அந்த இயந்திரத்தை இன்று எவரும் தேடி அலைய வேண்டியதில்லை. பெல்ஜியத்திலிருந்து 1997-ல் வெளிவந்த ஃப்ரூட்டிலூப்ஸ், பின்னர் எஃப்.எல். ஸ்டூடியோ என்று பெயர் மாறி, ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரையே வாத்திய கோஷ்டியாக்கிவிட்டது. விற்பதற்கு இடமும் வந்தது. 2008-ல் அமெரிக்காவில் தொடங்கிய பீட்ஸ்டார்ஸ் போன்ற கடைகளில் எந்த ஊர்ப் பையனும் தன் சரக்கைப் பரப்பலாம். கம்பெனி முதலாளியின் வாசலில் காத்துக் கிடந்த காலம் இவ்விஷயத்தில் மலையேறிவிட்டது.

அவ்வாறிருக்க, உழைத்தவன் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

இச்சந்தையில் இருவகைப் பேரம் நடக்கிறது. ஒன்று குத்தகை, மற்றொன்று கிரயம். குத்தகையில் பீட் செய்தவனே உடைமையாளன். அவன் அதே பீட்டைப் பத்துப் பேருக்கும் நூறு பேருக்கும் விடலாம். வாங்கியவன் இத்தனை முறை ஒலிபரப்பலாம், இத்தனை பிரதிகள் விற்கலாம், இத்தனை வருஷம் அனுபவிக்கலாம் என்று வரம்பு கட்டப்படும். தொகை சொற்பம், இருபது முப்பது டாலரிலும் குத்தகை கிடைக்கும். தாளம் வேறு, அடிநாதம் வேறு என்று தனித்தனியாகப் பிரித்துத் தரும் இழைகள் வேண்டுமானால் தொகை ஏறும். கிரயமோ ஒருவனுக்கே விடுவது. அதன்பின் வேறெவருக்கும் விற்கலாகாது. ஆனால் கிரயத்துக்கு முன் விட்ட குத்தகைகள் பெரும்பாலும் தத்தம் கெடுவரை செல்லும். நிலம் கைமாறினாலும் அதில் ஏற்கனவே உழுகிற குத்தகைக்காரன் இருப்பதைப் போன்றது இது. இதனைக் கிரயம் பெறுகிறவனுக்கு முன்னரே சொல்லிவிடுவது விற்கிறவனின் கடமை. சொல்லாமல் விற்பதால் விளையும் சண்டைகளுக்கு இச்சந்தையில் பஞ்சமே இல்லை.

முப்பது டாலர் குத்தகை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை உலகம் 2019-ல் கண்டது. ஹாலந்து தேசத்தைச் சேர்ந்த யங்கியோ என்னும் இளைஞர் தம் வீட்டில் ஒரு பீட் செய்து பீட்ஸ்டார்ஸில் போட்டிருந்தார். அட்லாண்டாவில் பெயர் தெரியாதிருந்த ஒரு வாலிபர் 2018-ல் அதை முப்பது டாலருக்குக் குத்தகை எடுத்து, ‘ஓல்ட் டவுன் ரோட்’ என்ற பாட்டை டிசம்பரில் வெளியிட்டார். அவரே இன்று லில் நாஸ் எக்ஸ் என்று அறியப்படுபவர். அடுத்த வருஷம் அப்பாட்டைக் கொலம்பியா கம்பெனி ஏற்றுக்கொண்டது. பில்போர்டு பத்திரிகையின் நூறு பாட்டுப் பட்டியலில் அது தொடர்ந்து 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அதற்கு முன் எந்தப் பாட்டும் அத்தனை வாரம் நின்றதில்லை. தம் பீட் இப்படிப் பயன்படுகிறது என்பதே யங்கியோவுக்கு இணையத்தில் உலவிய வேடிக்கைப் படங்கள் வாயிலாகத்தான் முதலில் தெரிய வந்ததாம்.

அவர் பெயர் பாட்டில் ஆசிரியர்களுள் ஒருவராகவும் தயாரிப்பாளராகவும் நிலைத்தது. அவர் விற்றது குத்தகை, நிலத்தை அன்று. முப்பது டாலருக்குச் சகல பாத்தியதையும் எழுதிக் கொடுத்திருந்தால், பத்தொன்பது வாரமும் அவர் பிறர் வீட்டுக் கல்யாணத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்க வேண்டியதுதான்.

ஆயினும் அதே வழக்கில் மற்றொரு பாடமும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டு முன்னதை மட்டும் சொல்லி இளைஞர்களை உற்சாகப்படுத்துவோர் பலர். மேற்படி பீட்டில் ஒலிக்கும் தந்தி வாத்தியம் யங்கியோ வாசித்ததன்று. நைன் இஞ்ச் நெயில்ஸ் கோஷ்டியார் 2008-ல் வெளியிட்ட ‘கோஸ்ட்ஸ்’ தொகுதியில் முப்பத்து நான்காவது உருப்படியிலிருந்து எடுத்தது. அத்தொகுதியை எவரும் எடுத்தாளலாம் என்று அக்கோஷ்டியார் அனுமதித்திருந்தது உண்மை. ஆனால் வியாபாரத்துக்கு ஆகாது என்ற நிபந்தனையோடு அனுமதித்திருந்தார்கள். முப்பது டாலரும் வியாபாரந்தானே! பாட்டு பெரிதானபின் பெரிய கம்பெனியின் வக்கீல்கள் இடையில் வந்து அனுமதி பெற்றனர். அக்கோஷ்டியின் டிரெண்ட் ரெஸ்னர், ஆட்டிகஸ் ராஸ் இருவரும் ஆசிரியர் வரிசையில் சேர்ந்தனர். பங்கு அவ்வளவுக்குக் குறைந்தது. கம்பெனி வராமல், பாட்டு மட்டும் சற்றே பெரிதாகி இருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நிலம் வாங்குகிறவன் முதலில் வில்லங்கம் பார்க்கிறான். பீட் விற்கிறவனோ தன் சரக்கில் உள்ள வில்லங்கத்தைத் தானே அறியாமல் விற்கிறான். பத்திரத்திலோ இஃது முழுவதும் என் சொந்தச் சிருஷ்டி என்று உறுதி கூறிக் கையெழுத்தும் இடுகிறான். நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவேன் என்ற ஷரத்தும் பெரும்பாலும் அதன் கீழேயே இருக்கும். அதைப் படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

குத்தகையிலேயே மற்றுமொரு தொல்லை உண்டு. யூடியூப் கம்பெனி 2007 முதல் ‘கண்டெண்ட் ஐடி’ என்ற காவல் ஏற்பாடு ஒன்றை நடத்தி வருகிறது. ஒருவன் தன் பாட்டை அதில் பதிந்தால், அதே ஒலி வேறெங்கு கேட்டாலும் இயந்திரம் பிடித்துக் கொடுக்கும். நூறு பேருக்குக் குத்தகை விட்ட பீட்டை அவர்களில் ஒருவன் தனதென்று பதிந்துவிட்டால், மற்றத் தொண்ணூற்றொன்பது பேர் மீதும் புகார் எழும். செய்தவன் மீதே எழுவதும் உண்டு. ஊர்ப் பொதுக் குளத்துக்கு ஒருவன் பூட்டுப் போட்டது போலாயிற்று. குத்தகைப் பத்திரத்தில் இப்பதிவைத் தடுக்கும் ஷரத்து ஒன்று அவசியம் இருக்க வேண்டும்.

இத்தனை தொல்லை எதற்கு, ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு கையைக் கழுவிவிடலாமே என்று கூறுவாருமுளர். கையில் காசில்லாதவனுக்கு இந்த யோசனை இனிக்கும். இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த மெனஸ் என்பவர் இணையத்தில் போட்டிருந்த பீட் ஒன்றை டிசைனர் என்ற அமெரிக்கப் பாடகர் இருநூறு டாலருக்கு வாங்கினார். ‘பாண்டா’ என்ற அப்பாட்டு 2016-ல் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றது. விற்கும் நாளில் எது இருநூறு டாலர்ச் சரக்கு, எது கோடி டாலர்ச் சரக்கு என்று எவராலும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? விலை தெரியாத பொருளை முழுக் கிரயம் செய்வது வியாபாரமன்று, சூதாட்டம். அதிலும் எதிராளியே ஜெயிக்கக்கூடிய சூதாட்டம். கிரயம் செய்தே தீரவேண்டுமென்றால் செய்யட்டும். ஆனால் பதிவின் உடைமை வேறு, மெட்டின் ஆசிரியப் பங்கு வேறு. முன்னதைக் கொடுத்தாலும் பின்னதில் பாதியைக் கைவிடாமல் எழுதிக்கொள்வது இத்தொழிலில் வழக்கந்தான். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அமெரிக்கப் பத்திரங்களில் ‘கட்டளையிட்டுச் செய்வித்த வேலை’ என்றொரு சொற்றொடர் வரும். அதில் கையெழுத்திட்டால், சட்டப்படி ஆசிரியன் வாங்கியவனே, செய்தவன் கூலியாள். அந்நாட்டின் 1976-ம் வருஷச் சட்டம், உரிமையை விற்ற ஆசிரியன் 35 வருஷங்களுக்குப் பின் அறிவிப்புக் கொடுத்து அதை மீட்டுக்கொள்ள இடமளித்திருக்கிறது. கூலியாளுக்கு அந்த மீட்பும் கிடையாது. வக்கீல் தொழில் பழகியவன் என்ற முறையில் எமக்கு இதில் நகைப்பும் வருகிறது. வாங்குகிறவன் யாரென்றே தெரியாத நாளில் செய்து கடையில் தொங்கவிட்ட சரக்கை, அவன் கட்டளையிட்டுச் செய்வித்தான் என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? தறியிலிருந்து இறங்கி அலமாரியில் மடித்து வைத்த வேஷ்டியை வாங்கியவன், நானே நெய்வித்தேன் என்று சொல்வதற்கு ஒப்பாகும். ஆயினும் கையெழுத்திட்டபின் அதைப் பொய்யென்று நிரூபிக்கக் கோர்ட்டு ஏற வேண்டும். அதற்குக் காசு யாரிடம் இருக்கிறது?

நமது நாட்டு இளைஞரும் இச்சந்தையில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நம் சட்டம் கொடுத்திருக்கும் பாதுகாப்பை அவர்களே அறியாதது வருந்தத்தக்கது. 1977-ல் சுப்ரீம் கோர்ட்டு, சினிமாவுக்காகக் கூலி பெற்று மெட்டமைத்தவனுக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிடில், பாத்தியதை இல்லை, படமுதலாளியே உடைமையாளன் என்று தீர்ப்பளித்தது. அந்நிலை முப்பத்தைந்து வருஷம் நீடித்தது. 2012-ம் வருஷத் திருத்தத்தில்தான், மெட்டமைத்தவனும் பாட்டெழுதினவனும் தமக்குரிய ராயல்டியைச் சரிபாதிக்குக் கீழே எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது என்ற விதி வந்தது. சினிமாவில் சேராத இசைப்பதிவுக்கும் அவ்விதி உண்டு. அன்றியும், உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து வருஷமென்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டுமென்றும் கொள்ள வேண்டும் என்று 1957-ம் வருஷச் சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. இவை உழைப்பாளிக்குச் சாதகமான அருமையான விதிகள். ஆனால் கடைக்காரன் அச்சடித்துத் தரும் பத்திரத்தில் வழக்கு வந்தால் அயல்நாட்டுச் சட்டமே செல்லும் என்று ஒரு வரி இருந்துவிட்டால், நம் சட்டத்தின் நிழல் அங்கே எட்டுமா என்பதே சந்தேகமாகிவிடும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பல கடைகளில் விற்கிறவனே தன் பத்திரத்தைத் திருத்தி வைக்கவும் இடமுண்டு. ஆனால் சோம்பல் விடுவதில்லை.

பதிவு செய்துகொள்ளாததால் இழக்கும் பணமும் கொஞ்சநஞ்சமன்று. அமெரிக்காவில் 2018-ம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட வசூல் ஸ்தாபனம் 2021-ல் வேலை தொடங்கியபோது, உரியவர் இன்னார் என்று தெரியாமல் தேங்கிக் கிடந்த ராயல்டியாக இணையவழி இசைச் சேவைக் கம்பெனிகள் அதனிடம் கொண்டுவந்து கட்டிய தொகை 42 கோடியே 40 லட்சம் டாலர். பெயர் எழுதி வைக்காதவர்களின் பணம் அது. நமது நாட்டில் 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. மெட்டமைப்போர் அதில் உறுப்பினராகலாம். பீட் செய்து முடித்த அன்றே யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்பதற்குச் சங்கமும் வேண்டாம், செலவும் வேண்டாம்.

சந்தையில் நமக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்று. புகழ்பெற்ற பாடகன் பெயரைச் சொல்லி, ‘அவர் மாதிரிப் பீட்’ என்று தலைப்பிட்டு விற்கிறார்கள். தேடுகிறவன் கண்ணில் படவேண்டும் என்பது காரணமாம். காரணம் சரி, ஆனால் பிறன் பெயர்ப் பலகையின் கீழ் கடை விரித்தவன், தன் பெயரில் என்றைக்குக் கடை வைப்பான்? ஆயிரம் பேர் ஒரே மாதிரியைச் செய்தால் விலை விழாமல் என்ன செய்யும்? முப்பது டாலர் இருபதாகி, இருபது இலவசமானதற்கு இவ்வழக்கமே பெரும்பாலும் காரணம் என்பது நமது அபிப்பிராயம். வருகிற காசிலும் கடைக் கட்டணமும் பணமாற்றுக் கூலியும் போக மிச்சம் சொற்பமே.

இப்போது இயந்திரமே இசை செய்கிறது. சுனோ, யூடியோ என்னும் கம்பெனிகள் நாலு வார்த்தை எழுதினால் பாட்டு முழுவதையும் கொடுக்கின்றன. அவற்றின் மீது பெரிய இசைக் கம்பெனிகள் 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தன. இயந்திரப் பாட்டை எடுத்துத் தன் பீட் என்று விற்கத் துணிந்தோரும் இருக்கிறார்கள். மனிதன் கைபடாமல் கட்டளையால் மட்டும் பிறந்ததற்குப் பாத்தியதை இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் தெளிவாக்கிவிட்டது. பட்டா இல்லாத நிலத்தை இவர்கள் எப்படிக் குத்தகைக்கு விடுவார்கள்? வாங்குகிறவர்கள் இனி, தனித்தனி இழைகளையும், வேலை செய்த மூலக் கோப்பையும் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். கையால் செய்தவன் அவற்றை இன்றிலிருந்தே தேதி வாரியாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கட்டும்.