விமானம் விழுவது விதியா?

ஆகாய விமானம் ஒன்று எங்கேனும் விழுந்துவிட்டதென்று பத்திரிகையில் கண்டவுடன், நம் ஜனங்கள் படித்தவர், படியாதவர் என்ற பேதமில்லாமல், “அவர்கள் விதி அவ்வளவுதான்” என்று ஒரே வார்த்தையில் வழக்கைத் தீர்த்துவிடுகிறார்கள். இப்படித் தீர்ப்புச் சொல்லக் காலணாச் செலவில்லை. ஆனால் இந்தத் தீர்ப்பினால் அடுத்த விமானம் விழாமல் நிற்கப்போவதில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கின்றோம்.

நம் மேற்கு மலையிலேயே நடந்த சங்கதியை எடுத்துக்கொள்வோம். 1971-ம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், இறங்கும் வழியில் சின்னமனூர்ப் பக்கத்து மலையில் மோதிற்று. 31 பேரில் 21 பேர் மாண்டார்கள். பிழைத்த 10 பேரைக் கடவுள் காப்பாற்றினார் என்றால், மற்ற 21 பேரைக் கைவிட்டது யார்? பொதிகையில் மேகம் இறங்கினால் எதிரே நிற்கும் மலையே காணாமற்போவதைப் பாபநாசத்தாரும் அம்பாசமுத்திரத்தாரும் தினம் பார்த்தவர்கள். மேகம் கண்ணைத்தான் மறைக்கும். மலை இருந்த இடத்தில்தான் இருக்கும். அதன் உயரமும் படத்தில் எழுதியபடியேதான் இருக்கும்.

நிற்க, நம்மவர் ஏராளமாய்ப் பிழைக்கப்போன மலேசியாவில் நடந்ததைக் கேளுங்கள். 1989-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி விடியுமுன், சிங்கப்பூரிலிருந்து சாமான் ஏற்றிவந்த பிளையிங் டைகர் கம்பெனியின் போயிங் 747 விமானம், கோலாலம்பூர் சுபாங் நிலையத்தில் இறங்க வந்து, பூச்சோங் குன்றில் மோதி எரிந்தது. உள்ளேயிருந்த நால்வரும் இறந்தார்கள்.

காரணம் என்ன? 2400 அடிக்கு இறங்கும்படி தரையிலிருந்த அதிகாரி சொன்னார். ஆனால் முழுத் தொகையாகச் சொல்லாமல், “டூ போர் சீரோ சீரோ” என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னார். இங்கிலீஷில் இரண்டு என்ற ‘டூ’வும், ‘வரைக்கும்’ என்ற ‘டு’வும் காதுக்கு ஒன்றுபோலவே இருப்பதால், விமானி அதை 400 அடி வரைக்கும் என்று கொண்டார். “போர் சீரோ சீரோ” என்று திருப்பியும் சொன்னார். தரையில் இருந்தவர் அந்தப் பிசகைப் பிடிக்கவில்லை. அந்த வழியில் இறங்குவதைப்பற்றித் துணைவிமானி சொன்ன கவலையைத் தலைமை விமானி பொருட்படுத்தவில்லை. தரை நெருங்குகிறதென்று எச்சரிக்கும் யந்திரமும் கத்திற்று. அதையும் கேட்டாரில்லை. தோழர்களே! இதில் விதி எந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது?

ஆகாயத்தில் போகிறவர்கள் பாடு நமக்கென்ன என்றும் இருந்துவிட முடியாது. 2017-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி கிர்கிஸ்தான் நாட்டில் பிஷ்கெக் அருகே, கடும் மூடுபனியில் இறங்க வந்த சாமான் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப்போய்க் குடியிருப்பின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்தவர் 4 பேர். தரையில் மாண்டவர் 35 பேர். விமானத்தில் காலே வைக்காத ஏழைக் குடிகள் அவர்கள்.

அறிவுள்ளவர்கள் இப்பேர்ப்பட்ட சாவுகளைக் கண்டு சாந்தி கழிக்கவில்லை, விசாரித்தார்கள். தலைவர் தவறினால் கீழுள்ளவர் துணிந்து சொல்ல வேண்டும், தலைவரும் அதைக் கேட்க வேண்டும் என்று 1981 முதல் அமெரிக்காவின் யுனைடெட் விமானக் கம்பெனி தன் விமானிகளுக்குப் பாடமே வைத்தது. பின்னர் மற்ற தேசத்தாரும் அதைக் கைக்கொண்டார்கள். பெரியவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட நம் தேசத்தாருக்கு இந்தப் பாடம் விமானத்துக்கு வெளியேயும் அவசியமாகும்.

நம் தாமிரபரணிக் கரையாருக்கு இது தூரத்துக் கதையல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் வழியெல்லாம் துண்டிக்கப்பட்டபோது, ஹெலிகாப்டர்கள்தான் சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து போட்டன. கெட்ட வானிலையில் நமக்காகப் பறக்கிறவன் உயிர், அவன் காதில் விழும் ஒரு வார்த்தையில் தொங்குகிறது. அணை திறக்கும் செய்தியும் அப்படியே. அதைச் சொல்லுகிறவர் முழுத் தொகையாகச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால், கேட்பவர் கடைசிச் சேவகராயினும், மறுபடி கேட்க வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை ஒரு விமானம் விழுந்த செய்தி கண்டால், விதி என்று பெருமூச்சு விடாமல், யார் என்ன சொன்னார், யார் அதைக் கேட்கவில்லை என்று விசாரியுங்கள். செத்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான்.