வடபாற் சென்னையும் காணத்தக்கதே

சென்னைமாநகரில் வாழும் கணவனும் மனைவியும் சனி, ஞாயிறு ஆகிய விடுமுறை நாட்களை இன்புறக் கழிக்க எண்ணுவராயின், அவர்தம் பயணம் பெரும்பாலும் தென்திசை நோக்கியே அமைகின்றது. மாமல்லபுரம் செல்வர், அதனையுங் கடந்து புதுச்சேரி செல்வர். வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் ஊர்கள் உள்ளனவே எனின், ஆங்குப் புகையும் புழுதியும் பார வண்டிகளும் அன்றிக் காண்பதற்கு யாதுளது என வினவுவர். அவ்வினாவிற்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம். யாமும் எம் இல்லாளும் இருநாட்களை அவ்வூர்களிற் கழித்தோமாதலின், கண்டதனைக் கொண்டே கூறுகின்றோம்.

இராயபுரம் என்னும் பெயரிலேயே ஒரு வரலாறு அடங்கியுள்ளது. இயேசு பெருமானின் சீடருள் முதல்வராகிய பேதுருவைக் கத்தோலிக்கத் தமிழர் இராயப்பர் என வழங்குவர். அவர் பெயரால் அமைந்த ஊர் இஃது என்பர். ஆங்கு அவருக்குக் கோயில் எழுப்பியோர் பெருஞ்செல்வர் அல்லர், படகோட்டிகளே. துறைமுகம் அமையாத அக்காலத்தில் கப்பல்கள் கரைக்கப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அறையாது கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளைச் செலுத்தி, அலைகளைக் கடந்து, மக்களையும் சரக்குகளையும் கரைசேர்த்தோர் அவரே. சென்னை வாணிகத்தின் பெருமை அவர் தோள்வலியின்மேல் எழுந்தது எனின் மிகையாகாது.

அவ்வூரிலேயே இரயில் நிலையமும் உளது. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் நாள் தென்னிந்தியாவின் முதற் பயணிகள் இரயில் வாலாஜா ரோட்டை நோக்கி இங்கிருந்தே புறப்பட்டது. அக்கட்டடம் 2005-இல் பழுது நீக்கப்பெற்றது; இந்நாட்டில் எஞ்சி நிற்கும் இரயில் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது இதுவே எனப் போற்றுவர். அதன் உயர்ந்த தூண்களின் நிழலில் அரைநாழிகை நின்றோம். இத்துணைப் பெருமை வாய்ந்ததனைக் காண எம்மையன்றி ஒருவரும் வந்திலரே என எம் இல்லாள் வியந்தார்.

மறுநாள் மெட்ரோ இரயிலேறினோம். 2021-இல் அது விம்கோ நகர் வரை நீட்டப்பெற்றமையால், தொலைவு என்னும் சாக்கு இனிச் செல்லாது. வழியிலுள்ள காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றிய ஊராகும். காலட்பேட்டை என்பதே மக்கள் நாவிற் காலடிப்பேட்டை ஆயிற்று.

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலோ தேவார மூவரும் பாடிய பழம்பதி. யானையின் பின்புறம்போல் வளைந்த அதன் கருங்கல் விமானம் முதலாம் இராசேந்திர சோழன் காலத்தது. பாணினியின் இலக்கணம் கற்பித்தற்கென்றே இங்கு ஒரு மண்டபம் இருந்தமையைக் கல்வெட்டுக்கள் கூறும். சங்கிலியாரைப் பிரியேன் எனச் சுந்தரர் மகிழமரத்தடியிற் சூளுரைத்ததும், சூள் தவறி ஊரெல்லையைக் கடந்ததும் கண்ணொளி இழந்ததும் பெரியபுராணம் உரைக்கும் செய்தி. மணந்தோர் இருவர் ஒருங்கு நின்று சிந்தித்தற்குரிய இடம் இதனினும் வேறுண்டோ?

பின்னர் எண்ணூர் சென்றோம். ஆங்கிலேயர் காலத்தில் குடும்பத்தோடு ஓய்வுகொள்ளவும் படகில் உலாவவும் நகரத்தார் நாடிச்சென்ற இடம் இதுவே என்பதை இன்று எத்துணைப் பேர் அறிவர்? கொசத்தலையாறு கடலொடு கலக்கும் கழிமுகத்தில், ஒருபால் அலையாத்தி மரங்களும் நீர்ப்பறவைகளும், மற்றொருபால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் தோன்றின. நிலக்கரிச் சாம்பல் படிந்து நீரின் ஆழம் குன்றியுள்ளது. 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதியதாற் கடலில் எண்ணெய் சிந்தியது. 2023 டிசம்பரிற் பெருவெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகமெங்கும் பரவி, மீனவர்தம் வலைகளையும் படகுகளையும் கெடுத்தது. இத்தகைய கேடுகள் நேர்ந்த காலத்தன்றி, எண்ணூரின் பெயர் பிறர் செவியில் விழுவதில்லை.

துன்புறுவோர் ஊரை வேடிக்கை பார்க்கச் செல்லுதல் தகுமோ எனச் சிலர் கேட்கலாம். வேடிக்கை பார்த்தல் தகாது. விருந்தினராய்ச் செல்லுதல் தகும். காசிமேட்டில் மீன் வாங்குக; தேரடியிற் சிற்றுண்டி உண்க; கழிமுகக் கரையிலுள்ளாரிடம் ஆற்றின் நிலையைக் கேட்டறிக. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பம் சிதையுமாயின் நாடெங்கும் குரல் எழும். அதனைக் கண்டு மகிழ்ந்தோர் பல்லாயிரவர் உளராதலின். எண்ணூர் ஆறு தூர்ந்தால் முறையிடுவோர் அவ்வூர் மீனவரும், அவர்க்குத் துணைநிற்கும் சிலருமே. காணாத பொருளின்பால் அன்பு பிறவாது. அன்பில்வழிக் காவலும் இல்லை.

நாம் எரிக்கும் மின்விளக்கும், ஊர்தியில் ஊற்றும் எண்ணெயும் அவ்வூர்களின் புகையோடு தொடர்புடையன. பயனை நாம் கொண்டு, மாசினை அவர்க்கு விடுத்து, அவர் ஊரைக் காணவும் நாணுதல் அறமாகாது. ஆதலின், இல்லறத்தீர், அடுத்த விடுமுறையில் ஒருமுறையேனும் வடக்கே செல்லுமின். கண்டதனைப் பிறர்க்கும் கூறுமின்.