முகப்பு விளக்கு மங்கும்போது

மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கு எரியாவிட்டால் உடனே பல்பு மாற்றப்படுகிறது. ஆனால் குறை பல நேரங்களில் பல்புக்குப் போகும் வழியிலோ, அதிலிருந்து திரும்பும் எர்த் வயரிலோ இருக்கும். அதைச் சரிசெய்யாமல் போடும் புதுப் பல்பும் பயன் தராது.

முதலில் தெரிய வேண்டியது, விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது. பழைய கம்யூட்டர் வண்டிகள் பலவற்றில் அது மேக்னெட் காயிலிலிருந்து ஏ.சி.யாக நேரே வரும். இன்ஜின் ஓடினால்தான் விளக்கு எரியும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வெளிச்சம் கூடும். இது கோளாறு அல்ல. பேட்டரியிலிருந்து டி.சி. எடுக்கும் வண்டியில் அப்படி நடந்தால், பேட்டரியையோ சார்ஜிங்கையோ சந்தேகிக்கலாம். 2017 ஏப்ரல் முதல் இந்தியாவில் தயாராகும் இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது விளக்கு தானாகவே எரியும். அணைக்கும் சுவிட்ச் கிடையாது.

அறிகுறிகளே பாதி விடையைச் சொல்லிவிடும். ஹை பீம் எரிந்து லோ பீம் எரியாவிட்டால் ஃபிலமென்டையும் டிம்மர் சுவிட்சையும் பார்த்தால் போதும். இரண்டும் எரியாவிட்டால் ஃப்யூஸ், கப்ளர், எர்த் என்று போக வேண்டும். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது விட்டுவிட்டு எரிந்தால், ஸ்டியரிங் கழுத்தருகே உறைக்குள் வயர் அறுந்திருக்கும்; வெளியே ஒன்றும் தெரியாது. பல்பு அடிக்கடி ஃப்யூஸ் போனால் ரெகுலேட்டரைச் சோதிக்க வேண்டும். வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். இன்ஜின் வேகமாக ஓடும்போது பேட்டரி முனைகளில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், குற்றவாளி ரெகுலேட்டர்தான்.

மங்கலான விளக்குதான் அதிகம் ஏமாற்றும். ஹோல்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் முழுதாகக் காட்டும். பல்பைச் சொருகியதும் அது 10 ஆகச் சரியும். மின்னோட்டம் இல்லாதபோது துரு பிடித்த முனையும் நல்ல முனைபோலத் தெரிவதே காரணம். 35 வாட் பல்பு ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும்போதுதான் குறை வெளிப்படும். ஆகவே பல்பு இணைப்பிலிருக்கும்போதே அளக்க வேண்டும். டி.சி. வண்டியில் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஹோல்டரின் எர்த் முனையிலும் வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பாசிட்டிவ் பக்கத்தையும் இதேபோலப் பகுதி பகுதியாக அளந்தால் குறையுள்ள இணைப்பு அகப்பட்டுவிடும். இந்தச் சோதனையைச் செய்யாமல் வயரிங் முழுவதையும் மாற்றுவது வீண் செலவு. பல்புக்குக் கிடைக்கும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். இருட்டுச் சாலையில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஹோல்டர் உருகியிருந்தால் இரண்டு காரணங்கள்: தளர்ந்த முனை, அல்லது அளவுக்கு மீறிய பல்பு. 35 வாட்டுக்கான வயரில் 100 வாட் பல்பைப் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். ஹோல்டரும் சுவிட்சும் கருகும். கூடுதல் வாட் வேண்டுமென்றால் ரிலேயும் தடித்த வயரும் தேவை. சார்ஜிங்கும் அதைத் தாங்க வேண்டும்.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். ஃப்யூஸ் போனால் அதே ஆம்பியரில் புதிது போடுங்கள். செம்புக் கம்பி சுற்றி ஓட்டினால் அடுத்து எரிவது வயரிங்காக இருக்கும்.