எந்த ஸ்விட்ச் எந்த எம்சிபியில்?

வீட்டுக்குப் புது எலக்ட்ரீஷியன் யார் வந்தாலும், மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி பாக்ஸைத் திறந்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இதை யாரு சார் வயரிங் பண்ணது?” செய்தவர் இப்போது ஊரிலேயே இல்லை. எந்த பைப் எந்தச் சுவருக்குள் போகிறது, எந்த எம்சிபியை இறக்கினால் எது அணையும் என்பதெல்லாம் அவர் மனதுக்குள் இருந்தது. அவரோடு அதுவும் போய்விட்டது. கடன் வாங்கி வீடு கட்டுகிறோம். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அங்கீகாரம் பெற்ற பிளான் எல்லாவற்றையும் பத்திரமாக பீரோவில் பூட்டி வைக்கிறோம். கரண்ட் ஓடும் பாதைக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

விதி இல்லாமல் இல்லை. வயரிங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 732, எந்த சர்க்யூட் எங்கே போகிறது, எத்தனை ஆம்பியர் என்ற பட்டியல் ஒவ்வொரு டிபியிலும் இருக்க வேண்டும் என்கிறது. அதை எழுதுவதற்கென்றே பல டிபிகளில் கோடு போட்ட ஸ்டிக்கரும் கூடவே வருகிறது. உறவினர், நண்பர் வீடுகளில் எட்டிப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் அந்த ஸ்டிக்கரில் ஓர் எழுத்துகூட இல்லை. சில இடங்களில் மார்க்கரில் ‘ஹால்’ என்று கிறுக்கியிருக்கும். அந்த எம்சிபியை இறக்கினால் சமையலறை மிக்ஸி நிற்கும்.

சரி, நாமே வரைந்து வைத்துக்கொள்வோம் என்று ஆப் தேடினேன். கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, இன்ஜினியர்களுக்கானது; குறியீடுகளும் ஒற்றைக் கோட்டுப் படங்களுமாக இருக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. மற்றது, ஓர் அறைக்கு ஓர் எம்சிபி என்று முடிவு கட்டிக்கொண்டு செய்தது. நம் வீடுகள் அப்படியா இருக்கின்றன? ஒரே ஸ்விட்ச் போர்டில் ட்யூப் லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் ஈபி லைனில் இருக்கும். மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் ஒரு ஃபேஸ் போனால் செலக்டரைத் திருப்பி வேறு ஃபேஸுக்கு மாற்றிக்கொள்கிறோம். இதையெல்லாம் பதிய அந்த ஆப்களில் இடமே இல்லை.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். எது எந்த சர்க்யூட்டில் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு எம்சிபியாக இறக்கிப் பார்க்க வேண்டும். இறக்கினால் வைஃபை ரௌட்டரும் அணைகிறது. எங்கள் வீட்டில் மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டுக்குக் கீழே டிபி. அங்கே செல்போனில் சிக்னலும் இல்லை. ஆப் ‘இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. கரண்டை அணைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டிய ஒரு கருவியை, நெட் இல்லாமல் ஓடாதபடி செய்தவர்கள் ஒருமுறையாவது ஒரு மெயினை இறக்கிப் பார்த்திருப்பார்களா?

பிழைப்பு சாஃப்ட்வேர்தான் என்பதால், நானே ஒன்றை உருவாக்க உட்கார்ந்தேன். அறையை விட்டுவிட்டு ஒவ்வொரு ஸ்விட்சையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டேன். ஒரு ஸ்விட்சைத் தொட்டால், ‘இதில் கைவைக்கும் முன் எதையெல்லாம் அணைக்க வேண்டும்’ என்று அது தமிழில் சொல்ல வேண்டும். அது தெரிந்தால் போதும். அது தெரியாமல்தான், ஈபி மெயினை இறக்கிவிட்டோம் என்ற தைரியத்தில் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றுகிறார்கள். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் அதே போர்டுக்குள் 230 வோல்ட்டை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். டெஸ்டர் வைத்துப் பார்க்காதவருக்கு அது தெரியப்போவதில்லை.

இதுவரை சரியாகத்தான் வந்தது. நியூட்ரலில்தான் எல்லாம் நின்றுபோயிற்று.

எம்சிபியை இறக்கிப் பார்க்கும் சோதனை ஃபேஸ் எங்கே போகிறது என்று மட்டுமே காட்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தச் சின்ன எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது; நியூட்ரல் எந்த வழியாகத் திரும்புகிறது என்பது அதில் தெரியாது. உயிரைக் காக்கும் ஆர்சிசிபிக்கோ அதுதான் முக்கியம். ஃபேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் வைப்பது 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் விழுந்துவிட வேண்டியது. இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுக்கச் சோம்பல்பட்டு, போர்டில் கைக்குக் கிடைத்த ஈபி நியூட்ரலோடு முறுக்கிவிட்டிருந்தால் என்ன ஆகும்? மின்சாரம் ஒரு வழியில் போய் இன்னொரு வழியில் திரும்புகிறது. ஆர்சிசிபி அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டு விழுகிறது. ஏற்றினால் மறுபடி விழுகிறது.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. வந்த எலக்ட்ரீஷியன் சொன்னார்: “இது சும்மா சும்மா ட்ரிப் ஆகுது சார். நேரா கொடுத்துடவா?” எத்தனையோ வீடுகளில் ‘கொடுத்துடுங்க’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதன்பின் விளக்கு அணைவதில்லை, எல்லோருக்கும் நிம்மதி. கீசரில் கசிவு வந்தாலும் அந்த ஆர்சிசிபி விழப்போவதில்லை. அந்தக் கீசரை ஈரக் கையோடு ஒரு குழந்தை தொடுமே என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. எந்தப் போர்டில் அந்த முறுக்கு இருக்கிறது என்று தேட, வீட்டில் உள்ள அத்தனை போர்டையும் அவிழ்க்க வேண்டும். யார் அவிழ்ப்பார்? வரைபடம் இருந்திருந்தால் ஒரு போர்டைத் திறந்து முடித்திருக்கலாம்.

அதனால் எவ்வளவு நல்ல ஆப் செய்தாலும், குடிவந்த பிறகு வரைவது பாதி வரைபடம்தான். மீதிப் பாதி வீடு கட்டும்போதே எழுதப்பட வேண்டியது. கான்கிரீட் போடும் முன் கம்பிகளுக்கு நடுவே பைப் கிடப்பதை அப்போதுதான் படம் எடுக்க முடியும். சுவரில் காடி வெட்டி பைப் பதித்து, பூச்சு தொடங்கும் முன் டேப்பை நீட்டிப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்தால், பிறகு யாரும் ட்ரில்லை வைத்து வயருக்குள் இறக்க மாட்டார்கள். என் கருவியில் ஒவ்வொரு சுவருக்கும் அந்தப் படத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். கடைசியில் ஒரு தாளில் அச்சாகும்படியும் வைத்திருக்கிறேன். டிபி கதவில் ஒட்டிவிடலாம். அடுத்து வருபவர் என் போனைத் தேட வேண்டாம்.

இதை, புதுவீடு ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த வயர்மேன் தம்பியிடம் காட்டினேன். பொறுமையாகத்தான் பார்த்தார். “நல்லாதான் இருக்கு சார். ஆனா எங்களுக்குப் பாயிண்ட்டுக்கு இவ்வளவுன்னுதான் கூலி. இதை எழுதுற நேரத்துல ரெண்டு பாயிண்ட் முடிச்சிடுவேன்” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. லைட்டுக்குக் காசு, பிளக்குக்குக் காசு, பெல்லுக்குக் காசு; எழுதி வைப்பதற்கு யாரும் காசு கொடுத்ததில்லை. வீடு கட்டுகிறவர்களே, டைல்ஸுக்குப் பேரம் பேசும் நேரத்தில் இதையும் பேசுங்கள். எஸ்டிமேட்டில் ‘சர்க்யூட் பட்டியல், போட்டோவுடன்’ என்று ஒரு வரி சேர்த்து, அதற்கும் சில பாயிண்ட் கூலி போட்டுக் கொடுத்துவிடுங்கள்.