கீழ்பவானிக் கால்வாயின் நன்மையும் தீமையும்

1948-ஆம் வருஷத்தில் தொடங்கி 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையினின்று புறப்படும் கீழ்பவானிக் கால்வாய், சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் ஜில்லாக்களில் 2,07,000 ஏக்கருக்குப் பாசனமளிக்கின்றது. ஆயக்கட்டில் பாதிக்கு நன்செய் முறையும், மறுபாதிக்குப் புன்செய் முறையும் மாறிமாறி வரும்.

மண்கால்வாயாதலின் நீர் கசிகின்றது. அக்கசிவினால் கிணறுகள் ஊறி, கால்வாய் அடைபட்ட காலத்தும் மஞ்சளையும் தென்னையையும் காக்கின்றன. ஆயினும் பள்ள வயல்களில் நீர் தேங்கி நிலம் உவராகின்றது. கடைமடைக்கு நீர் குறைகின்றது. இதனாலேயே காங்கிரீட் தளமிடும் யோசனையில் குடியானவர்கள் இரு கட்சியாயினர்.

பலவீனமான கரைகளைக் கட்டுதல் அவசியமே. ஆனால் கால்வாய் முழுவதும் தளமிட்டால், கடைமடைக்குச் சேரும் நீரைக் கிணறுகள் இழக்கும். புன்செய் முறையில் நெல் நடுவதும், மடையை இரவெல்லாம் திறந்து விடுவதும் தலைமடையார் விடவேண்டிய வழக்கங்கள். பாசன சபையாரும் கிராம அதிகாரிகளும் முறையை வழுவாது நடத்தி, கிளை வாய்க்கால்களைத் தூர்வாரி, வடிகால்களை ஆக்கிரமிப்பினின்று மீட்பாராக. இவற்றைச் செய்து பார்த்த பின்னரே காங்கிரீட்டைப் பற்றி யோசித்தல் தகும். தலைமடையில் மிஞ்சிய நீர் அந்நிலத்தையும் கெடுத்து, கடைமடைப் பயிரையும் காய விடுகின்றது.