இரும்பைப் பற்றும் நைட்ரஜன்

அணைவுச் சேர்மத்திற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருக என்றால், நம் மாணவர் கோபால்ட்டும் அம்மோனியாவும் சேர்ந்த உப்பைச் சொல்வார். தேர்வுக்கு அது போதும். ஆனால் புவனகிரிப் பக்கமிருந்து வெள்ளாற்றைக் கடந்து கல்லூரிக்கு வரும் மாணவர், அணைவு வேதியியலின் மிக நுட்பமான பாடமொன்றைத் தம் தந்தையாரின் முதுகில் தொங்கும் மருந்து தெளிப்பானிலேயே அன்றாடம் காண்கிறார். இதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

நம் குருதிக்குச் செந்நிறம் தருவது ஹீம். போர்ஃபிரின் என்னும் தட்டையான வளையத்தின் நடுவே, நான்கு நைட்ரஜன் அணுக்களுக்கிடையில், ஓர் இரும்பு அயனி அமர்ந்திருக்கிறது. தட்டுக்கு மேலும் கீழும் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. ஹீமோகுளோபினில் ஓரிடத்தை ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் இமிடசோல் வளையத்திலுள்ள நைட்ரஜன் பற்றிக்கொள்கிறது. மற்றோரிடத்தில் ஆக்சிஜன் ஏறி இறங்குகிறது. ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு வளையத்தின் தளத்தைவிட்டுச் சற்றே விலகி நிற்கிறது. ஆக்சிஜன் சேர்ந்ததும் தளத்தை நோக்கி இழுபடுகிறது. அந்த இழுப்பை ஹிஸ்டிடின் வழியே புரதம் முழுவதும் உணர்கிறது என்று மாக்ஸ் பெரூட்ஸ் 1970-இல் விளக்கினார்.

புரதத்தை நீக்கிவிட்டு, வெறும் ஃபெரிக் போர்ஃபிரினோடு இமிடசோலைச் சேர்த்தால் என்ன நிகழும்? மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு இமிடசோல்கள் பற்றிக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை: முதலாவதைவிட இரண்டாவது வலுவாகச் சேர்கிறது! படிப்படியாகச் சேரும் ஈனிகளுள் பின்னால் வருவது பொதுவாக இளைத்தே சேரும் என்றல்லவா படித்தோம்? இங்கோ இரண்டாவது சேரும்போது, இரும்பின் ஐந்து தனித்த எலக்ட்ரான்களுள் நான்கு இணைசேர்ந்து, ஒன்றே எஞ்சும் தாழ்சுழற்சி நிலை உண்டாகிறது. அதன் நிலைப்புத்தன்மையே காரணம். இரும்புப் போர்ஃபிரின்களின் காந்தப் பண்புகளைப் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சமரேஷ் மித்ரா விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நம் நாட்டிலேயே நடந்த வேலை. நம் குறிப்பேடுகளில்தான் இடம்பெறவில்லை.

இனி வயலுக்கு வருவோம். சம்பாப் பயிரில் இலையுறைக் கருகல் கண்டால், உழவர் ஹெக்சகோனசோலோ புரொப்பிகோனசோலோ தெளிக்கிறார். இவை டிரையசோல் வளையம் உடையவை. பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்கு எர்கோஸ்டீரால் வேண்டும். அதை ஆக்கும் படிகளுள் ஒன்றை நடத்துவது சைட்டோகுரோம் பி-450 இனத்தைச் சேர்ந்த ஒரு நொதி. அங்கும் இரும்புப் போர்ஃபிரினே. ஆனால் ஹிஸ்டிடினுக்குப் பதிலாகச் சிஸ்டீனின் கந்தகம் ஒருபுறம் பற்றியிருக்கும். மறுபுறம் ஆக்சிஜன் வந்து சேர வேண்டிய இடத்தில், டிரையசோலின் நைட்ரஜன் தன் தனித்த இணை எலக்ட்ரான்களோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேலை நின்றது, சவ்வு சிதைந்தது, பூஞ்சை அடங்கியது.

படர்தாமரைக்குத் தடவும் குளோட்ரிமசோல் களிம்பும், விழுங்கும் ஃபுளுகோனசோல் மாத்திரையும் செய்வது இதே வேலைதான். வயலுக்கும் தோலுக்கும் பூட்டு ஒன்று, சாவியும் ஏறத்தாழ ஒன்று. (பெயரின் ஈற்றில் ‘சோல்’ என்றிருப்பதெல்லாம் இவ்வழி என்று எண்ணிவிடலாகாது. குலைநோய்க்குத் தெளிக்கும் டிரைசைக்ளசோல் பூஞ்சையின் கருநிறமியைத் தடுப்பது. வயிற்றெரிச்சலுக்குரிய ஒமிப்ரசோலுக்கும் பூஞ்சைக்கும் தொடர்பே இல்லை.)

இங்கேதான் கவலை எழுகிறது. நம் கல்லீரலிலும் பி-450 நொதிகள் உண்டு. குருதி உறையாமலிருக்க வார்ஃபரின் உண்பவர் ஃபுளுகோனசோலையும் சேர்த்து உண்டால், வார்ஃபரினைச் சிதைக்கும் நொதி தடைபட்டு, இரத்தக்கசிவு நேரலாம். மருந்துக்கடையில் பாதிச் சீட்டோடு நின்று ‘அரிப்புக்கு ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்பது அத்தனை எளிய செயலன்று.

மற்றொன்று இதனினும் பெரிது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்னும் பூஞ்சை மண்ணில் வாழ்வது; நலிந்த நுரையீரலிலும் குடியேறுவது. நெதர்லாந்தில் முதலில் காணப்பட்ட ஒரு மாற்றத்தால் அது டிரையசோல்களுக்கு அடங்க மறுக்கிறது. அந்நொதியின் 98-ஆம் இடத்தில் லியூசின் போய் ஹிஸ்டிடின் வந்துவிட்டது; நொதியும் மிகுதியாக உற்பத்தியாகிறது. இவ்வகைப் பூஞ்சை நம் நாட்டு மண்ணிலும் உண்டென்று தில்லி ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் எழுதினர். மருத்துவமனை வாயிலையே மிதிக்காத பூஞ்சை மருந்தை வெல்லக் கற்றது எங்கே? வயல்களிலும் தோட்டங்களிலும் தெளித்த டிரையசோல்களே அதற்குப் பயிற்சி தந்தன என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு.

ஆதலால் தெளிக்கவே கூடாது என்பேனல்லேன். கருகிய பயிரின் வரப்பில் நிற்பவரிடம் அப்படிச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் நோய் தோன்றுமுன்பே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அடிப்பதும், பக்கத்து வயல்காரர் அடித்தார் என்று அடிப்பதும், கடைக்காரர் சொன்ன அளவே அளவென்று நம்புவதும் தவிர்க்கக்கூடியவை. அதை எடுத்துச் சொல்லத் தக்கவர், அணைவு வேதியியல் படித்த அவ்வீட்டுப் பிள்ளையே. வெளியூரிலிருந்து வருபவர் சொல்வதைவிட அவர் சொல்வது வீட்டில் எடுபடும்.

அதற்கு அவர் இப்பிணைப்பைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும் நாட்களில் ஒன்றை இதற்கு ஒதுக்குமாறு பேராசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆட்டுக் குருதியை உறைபனி அசெட்டிக் அமிலத்தோடும் சிறிது சாதாரண உப்போடும் சூடாக்கினால் ஹீமின் படிகங்கள் கிடைக்கும். டைக்மான் 1853-இலேயே செய்து காட்டியது. அதைக் காரத்தில் கரைத்துப் பிரிடின் சேர்த்து, சோடியம் டைத்தயோனைட்டால் ஒடுக்கினால், பழுப்புக் கரைசல் செந்நிறமாகும். 557 நானோமீட்டர் அருகே ஒன்றும் 525 அருகே ஒன்றுமாக இரு கரும்பட்டைகள் தோன்றும்: பிரிடினின் நைட்ரஜன் இரும்பைப் பற்றிவிட்டது! பிரிடினின் நாற்றமும் குறைந்ததன்று. சன்னல்களைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும். குருதிக்கு ஆட்டிறைச்சிக் கடை போதும். நிறமாலைகாட்டியை இயற்பியல் துறையினர் ஒரு நாளைக்குக் கடன் தருவார்கள் என்றே நம்புகிறேன்.