காலம் கடந்த கௌரவம்

தில்லியில் 1951-ஆம் ஆண்டு நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில், 100 மீட்டர் நீச்சலில் முதலாவதாக வந்து தங்கப் பதக்கம் வென்றவர் சச்சின் நாக். ஆசிய நீச்சல் பந்தயத்தில் 2023 ஹாங்சௌ போட்டி வரை வேறு எந்த இந்தியரும் தங்கம் வெல்லவில்லை. அதே போட்டியில் வாட்டர் போலோ தங்கத்தை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார்.

வாராணசியில் பிறந்த இவரது வாழ்க்கை எளிதாக அமையவில்லை. 1947-இல் கலவரத்தின்போது காலில் குண்டு பாய்ந்தது. மீண்டும் நீந்த இரண்டு ஆண்டுகள் ஆகலாம் என்றனர் மருத்துவர்கள். ஆனால், மறு ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கில் களமிறங்கினார். சிலியை இந்தியா 7-4 என்று வென்ற ஆட்டத்தில் நான்கு கோல்கள் அவருடையவை. அந்தப் பயணத்துக்கான பணத்தையும் அவரேதான் திரட்ட வேண்டியிருந்தது!

இத்தகைய வீரர் 1987-இல் காலமாகும் வரை மத்திய அரசின் விளையாட்டு விருது எதையும் பெறவில்லை. குடும்பத்தினர் பல ஆண்டுகள் முறையிட்ட பிறகு, 2020-இல்தான் தயான் சந்த் விருது அறிவிக்கப்பட்டது. இடையில் கடந்தவை 33 ஆண்டுகள். தயான் சந்த் விருது 2002-இல்தான் ஏற்படுத்தப்பட்டது என்று கூறலாம். அர்ஜுனா விருது 1961 முதலே வழங்கப்பட்டு வருகிறதே!

1952-க்குப் பிறகு ஒலிம்பிக் வாட்டர் போலோவில் இந்தியா ஆடவே இல்லை. 1982 தில்லி ஆசியப் போட்டியில் வெண்கலம் கிடைத்தது. தரையில் கால் ஊன்றாமல், ஒரே கையால் பந்தைக் கையாண்டு, எதிரணியினருடன் மல்லுக்கட்டியபடி ஆடும் இந்த ஆட்டத்துக்கு ஆழமான குளமும் ஆண்டு முழுவதும் பயிற்சியும் தேவை. இந்த ஆட்டக்காரர்களுக்கு இன்றும் ரயில்வேயும் ராணுவமும் தரும் வேலையே பெரும் புகலிடம்.

திருவனந்தபுரம் மாவட்டம் பிரப்பன்கோட்டில் உள்ள நீச்சல் வளாகத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதே மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை, கோட்டுகால், பாறசாலைப் பகுதிகளில் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் சிறுவர்கள் நீந்தக் கற்பது பெரும்பாலும் ஊர்க் குளத்திலும் ஆற்றிலும்தான். அவர்களில் திறமையானவரை வளாகம் வரை அழைத்துச் செல்ல ஆள் வேண்டும். பேருந்துக் கட்டணமும் உணவும் வேண்டும். கட்டடத்துக்குச் செலவழிக்கத் தயங்காத அரசுகள் இதற்கு மட்டும் ஏன் யோசிக்கின்றன?

பழைய வீரர்களின் பட்டியலை விளையாட்டு அமைச்சகம் தானாகவே ஆராய்ந்து, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே விருதும் ஓய்வூதியமும் வழங்க முன்வர வேண்டும். விண்ணப்பத்துடன் வாரிசுகள் அலுவலகப் படியேறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.